நீலத்தாளில் ஒரு விரல் தடம்

அரை டிக்கெட் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. டிப்போவில் வைத்த பெயர். அவளுடைய அப்பா பேருந்து ஓட்டுநர். கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அப்பாவின் பேருந்தில் ஏறிவிட்டாள். பேச்சு வந்ததும், "எனக்கும் டிக்கெட் குடுங்க" என்று கண்டக்டர் மாமாவிடம் கையை நீட்டி அடம்பிடித்தாள்.

"உனக்கெல்லாம் அரை டிக்கெட்டுதான்" என்று அவர் ஒரு சீட்டைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தார்.

அன்று ஒட்டிக்கொண்ட பெயர், அவள் ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் உதிரவில்லை. அவள் வளர்ந்துகொண்டே போனாள். பெயர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

அவர்கள் வீடு நான்காவது மாடியில் இருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அது ஓடிப் பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை. முன்பெல்லாம் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாட்டுப் பாடியபடியே நான்கு மாடியும் ஏறுவார். கொஞ்ச நாளாக அந்தப் பாட்டு நின்றுபோயிருந்தது. இரண்டாவது மாடித் திருப்பம் வந்ததும் அப்பாவும் நின்றுவிடுவார்.

"நீ போ கண்ணு. அப்பாவுக்கு ஷூ நாடா அவுந்துடுச்சு" என்று சொல்லிக் குனிந்துகொள்வார்.

அரை டிக்கெட் திரும்பிப் பார்ப்பாள். அப்பாவின் ஷூவில் நாடாவே கிடையாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். ஆனால் குனிந்திருக்கும் அப்பாவின் முதுகு பெரிதாக ஏறி இறங்குவதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வராது. கேள்வியும் கேட்க மாட்டாள். அப்பாவின் மூச்சு சரியாகும்வரை, சன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் நிற்பாள்.

ஒருநாள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா துணிக்கடையில் வேலை பார்ப்பவள். வீட்டுக்கு வந்த பிறகும் தோளில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருக்கும்.

"நானும் கரடியா கத்திப் பாத்துட்டேன். டாக்டர்கிட்ட வரவே மாட்டேங்குறாரு" என்றாள் அம்மா. "ஏதாவது கோளாறுன்னு சொல்லிட்டா வண்டிய விட்டு இறக்கிடுவாங்களாம். அந்தப் பயம்."

அப்பாவுக்கு அந்தப் பேருந்து உயிர். காலையில் அதைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பார்த்த பிறகுதான் ஏறுவார். ஒருமுறை பிரேக்கை மிதித்ததும் அவருக்கு என்னவோ சரியாகப் படவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, எடுங்க" என்றார். மேலாளர் கத்தினார். அப்பா அசையவில்லை.

"சந்தேகம் இருக்குற பிரேக்கோட நான் வண்டிய எடுக்க மாட்டேன். எனக்குப் பின்னாடி அத்தனை பேரு உக்காந்திருக்காங்க" என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டார். பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு குழாய் விரிசல் விட்டிருந்தது. டிப்போவில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்வார்கள்.

அப்பாவுக்காக அரை டிக்கெட்டும் ஒரு வைத்தியம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குச் சளி பிடித்தபோது டாக்டர் ஆரஞ்சு நிறத்தில் புளிப்பு மாத்திரை கொடுத்திருந்தார். "வைட்டமின் சி. மென்னு சாப்பிடு, தெம்பா இருக்கும்" என்று சொல்லியிருந்தார். அவளுக்குச் சளி போய்விட்டது. தெம்பு யாருக்குத் தேவையோ அவருக்குப் போகட்டும் என்று, தினமும் காலையில் மாத்திரைகளை அப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிடுவாள். சிக்னலில் நிற்கும்போது அப்பா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். வண்டி குலுங்கிக் குலுங்கி மற்ற மாத்திரைகள் உதிர்ந்து, அந்தப் பை முழுக்க ஆரஞ்சுத் தூளாகிவிட்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டிப்போவில் அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை எல்லா ஓட்டுநர்களுக்கும் இதயப் பரிசோதனை. ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து புதுவகைத் தாள் ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் போதும்.

"எனக்கு எதுக்கு? நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் அப்பா.

"கல்லு படி ஏறாதுப்பா" என்றாள் அரை டிக்கெட்.

அப்பா அவளை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி. ஆனா நீ கூட வரணும். ஊசின்னா உங்கப்பனுக்கு ஆகாது."

சனிக்கிழமை காலை, ஓட்டுநர்களின் ஓய்வறையில் நீண்ட மேசை போட்டிருந்தார்கள். பக்கத்து அறையில் டாக்டரம்மா இருந்தார். மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அக்கா உட்கார்ந்திருந்தாள். கோட்டின் கைநுனியில் மட்டும் நீலக்கறை. அந்தத் தாளை உருவாக்கியவர்களில் அவளும் ஒருத்தி.

வரிசை மெதுவாக நகர்ந்தது. அரை டிக்கெட்டால் எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

"அக்கா, இந்தத் தாளுக்குள்ள என்ன இருக்கு?"

அக்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. "சாப்பாட்டை மெல்லும்போது உன் எச்சில் ஒரு வேலை செய்யுமில்ல?"

"ஆமா. எச்சில்ல நொதி இருக்கு. அது சாப்பாட்டை உடைக்கும். பாடத்துல படிச்சோம்."

"அதேதான். நம்ம உடம்புல ஏகப்பட்ட நொதிங்க இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. அதுல ஒரு வகை, நிறமே இல்லாத ஒரு தண்ணிய நீலமா மாத்தும். ஆனா நொதிங்க ரொம்பச் செல்லம். வெயில் ஆகாது, குளிர்பெட்டியிலயே வச்சிருக்கணும். அதனால நாங்க இரும்புத்துரு மாதிரி ஒரு பொருள்ல குட்டிக் குட்டித் துகள் செஞ்சோம். அந்த நொதி செய்யுற வேலைய இதுவும் செய்யும். ஆனா எங்க தூக்கிட்டுப் போனாலும் கெடாது."

"எவ்ளோ குட்டி?"

"உன் தலைமுடி ஒண்ணை எடுத்து, அதோட அகலத்துல வரிசையா நிக்க வச்சா ஆயிரக்கணக்குல நிக்கும்."

"காலை நேரத்துல நம்ம பஸ் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் பக்கத்தில் நின்ற கண்டக்டர் மாமா.

அக்கா சிரித்தாள். "சரி, பஸ்ஸுன்னே வச்சுக்குவோம். இதயம் சிரமப்பட்டா, ரத்தத்துல ஒரு பொருளைக் கூடுதலா விடும். இந்தத் தாள்ல வட்டம் தெரியுதில்ல? அங்க அதுக்குன்னே ஸீட் போட்டு வச்சிருக்கோம். அந்தப் பொருள் வந்து உக்காந்தா, நம்ம துகளும் அதைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னுடும். அது வரலேன்னா துகளுக்குப் பிடிச்சுக்க ஒண்ணுமில்ல. தாளோட கடைசி ஸ்டாப்புல போய் இறங்கிடும். அப்புறம் அந்த நிறமில்லாத தண்ணிய ஒரு சொட்டு விடுவோம். வட்டத்துல துகள் நின்னா நீலம். இல்லேன்னா வெள்ளை."

"நீலம்னா கெட்டதா?"

"நீலம்னா பக்கத்து ரூம்ல டாக்டரம்மாவைப் பாக்கணும். இந்தத் தாள் முதல் சல்லடைதான்."

கெட்டது இல்லை என்று அக்கா சொல்லவில்லை. அதை அரை டிக்கெட் கவனித்துக்கொண்டாள்.

அப்பாவின் முறை வந்தது. அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. அரை டிக்கெட் அவருடைய வலது கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவருடைய இடது நடுவிரலைப் பஞ்சால் துடைத்தாள்.

"அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டு, ஊசியின் உறையைப் பிரிக்கத் திரும்பினாள்.

பயத்தில் அப்பாவுக்கு வாய் உலர்ந்திருந்தது. அந்த ஒரு நொடியில், துடைத்த இடது கையையே சட்டைப் பைக்குள் விட்டு, துழாவி ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மகளைப் பார்த்துக் கண் சிமிட்டினார். மகளும் பதிலுக்குக் கண் சிமிட்டினாள்.

ஊசி குத்தியது. அப்பா பல்லைக் கடித்தார். ஒரு சொட்டு ரத்தம் தாளில் விழுந்தது. சிவப்பு மேலேயே தங்க, தெளிந்த நீர் மட்டும் வட்டத்தை நோக்கி ஊர்ந்தது. அக்கா நிறமில்லாத தண்ணீரைச் சொட்டினாள். மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

வட்டம் வெள்ளையாகவே இருந்தது.

"வெள்ளை. நீங்க போகலாம்" என்றாள் அக்கா.

"பாத்தியா? கல்லு!" என்று அப்பா நெஞ்சில் தட்டிக்கொண்டார். வெளியே போகும்போது அவர் பாடினார். மாடிப்படியில் காணாமல்போன அதே பாட்டு. அதைக் கேட்டதும் அரை டிக்கெட்டுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஓடிப்போய் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தானும் வாயில் போட்டுக்கொண்டாள். அப்பா வண்டியைச் சுற்றி வந்து சக்கரங்களைத் தட்டத் தொடங்கினார். பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஒரு நினைப்பு மட்டும் அவளுக்குள் குறுகுறுவென்று இருந்தது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்றால், இரண்டாவது மாடியில் அவர் ஏன் நிற்கிறார்? இல்லாத நாடாவை ஏன் கட்டுகிறார்? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவதற்கு அவள் ஒன்றும் பாப்பா இல்லை.

நீலம் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க அவள் ஓய்வறைக்குத் திரும்பினாள். மேசையின் ஓரத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு தாளை வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் தயாரித்த திரவத்தைச் சொட்டி, காலையில் அக்கா நீலமாக்கி வைத்த பெரிய வட்டம். மயில் கழுத்து நிறம். அழகாக இருந்தது. அரை டிக்கெட் அதை விரலால் தொட்டுவிட்டாள்.

"ஐயோ, தொடாத பாப்பா!" என்றாள் அக்கா.

கையை எடுத்தபோது, நீலத்தின் நடுவில் அவள் விரல் பட்ட இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. சின்னதாக, முட்டை வடிவில், ஒரு விரல் தடம்.

"ஸாரிக்கா. அழிஞ்சுடுச்சு."

"பரவாயில்ல, விடு. கை ஈரமா இருந்திருக்கும்" என்று அக்கா அடுத்த ஓட்டுநரைக் கவனிக்கப் போனாள்.

அரை டிக்கெட் தன் விரலைப் பார்த்தாள். அது ஈரமாக இல்லை. நுனியில் ஆரஞ்சுத் தூள் ஒட்டியிருந்தது.

மூலையில் இருந்த குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்தாள். "இன்னொரு தடவை தொட்டுக்கட்டுமாக்கா? ஏற்கெனவே அழிஞ்சதுதானே?" என்று கேட்டாள். அக்கா தலையாட்டினாள். சுத்தமான விரலால் நீலத்தை அழுத்தினாள். நீலம் அப்படியே இருந்தது. பிறகு வாயிலிருந்த மாத்திரைத் துண்டை விரலால் தொட்டு, அந்த விரலை நீலத்தின்மேல் வைத்தாள்.

நீலம் பறந்துவிட்டது. இன்னொரு வெள்ளைத் தடம்.

புளிப்பு மாத்திரை நீலத்தைத் தின்றுவிடுகிறது. அப்பாவின் விரலில் அந்தத் தூள் இருந்தது. அந்த விரலில்தான் ஊசி குத்தினார்கள்.

சன்னல் வழியே பார்த்தாள். அப்பா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பெரிய கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வாய் அசைந்தது, இன்னும் பாடிக்கொண்டிருந்தார்.

பேசாமல் இருந்துவிட்டால் அந்தப் பாட்டு நிற்காது. சொன்னால் மறுபடி ஊசி. ஒருவேளை நீலம் வந்துவிட்டால் அப்பாவை வண்டியைவிட்டு இறக்கிவிடுவார்கள். இறக்கியது யார் என்று கேட்டால், அவருடைய சொந்த மகள் என்று சொல்வார்கள்.

அழுகை வந்தது. ஆனாலும் கால்கள் அக்காவிடம் போய் நின்றன.

"அக்கா, இதைப் பாருங்க" என்று இரண்டு வெள்ளைத் தடங்களையும் காட்டினாள். தொட்டதும், கழுவியதும், மறுபடி தொட்டதும் எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்கா கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள். "என்ன மாத்திரை அது?"

"வைட்டமின் சி."

அக்காவின் முகம் மாறியது. "ஆமா, அது நீலத்தைத் திரும்ப நிறமில்லாம ஆக்கிடும். அது எனக்குத் தெரியும். ஆனா இங்க யாரு விரல்ல அது இருக்கப்போகுது? நான் எல்லாருக்கும் துடைச்சுட்டுத்தானே குத்தினேன்?"

"நீங்க துடைச்சதுக்கு அப்புறம், எங்கப்பா பாக்கெட்ல கைய விட்டாரு. நீங்க திரும்பி இருந்தீங்க."

அக்கா எழுந்துவிட்டாள். "எங்க அவரு? நான் கூப்பிடட்டுமா?"

"வேணாம்கா. நானே கூப்பிடுறேன்."

பேருந்தில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அரை டிக்கெட் முன்வாசல் வழியாக ஏறி, அப்பாவின் இருக்கைக்கு அருகில் போய் நின்றாள்.

"அப்பா, வண்டிய எடுக்காதீங்க. மறுபடி ரத்தம் பாக்கணும்."

"வெள்ளைன்னு சொல்லிட்டாங்கல்ல?"

"அது பொய் வெள்ளைப்பா. உங்க பாக்கெட்ல இருக்குற மாத்திரைத் தூள் நீலத்தைத் தின்னுடுது. நான் தொட்டுப் பாத்தேன். ரெண்டு தடவை."

அப்பாவின் பாட்டு நின்றது. "எனக்கு ஒண்ணுமில்ல. போய் அங்க உக்காரு" என்றார். அவர் குரல் அப்படிக் கடுமையாக ஒலித்து அவள் கேட்டதில்லை.

"சும்மா இருக்குற சங்க ஏன் அரை டிக்கெட்டு ஊதிக் கெடுக்குற?" என்றார் கண்டக்டர் மாமா. "அப்பா சந்தோஷமா இருக்காரு பாரு."

அரை டிக்கெட் நகரவில்லை.

"உங்க ஷூவுல நாடா இல்லப்பா" என்றாள்.

அப்பா குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கண்டக்டர் மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டியவருக்குப் புரிந்துவிட்டது.

"பிரேக்ல சந்தேகம் இருந்தா வண்டிய எடுக்க மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?" அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. அழுதுவிட்டாள். "எனக்கு உங்க மேல சந்தேகமா இருக்குப்பா. பயமா இருக்கு."

என்ஜின் சத்தம் நின்றது. அப்பா சாவியைத் திருகி எடுத்துவிட்டார்.

குழாயடியில் அவள்தான் அப்பாவின் கைகளுக்குச் சோப்புப் போட்டாள். ஒவ்வொரு விரலாக, நகத்தின் இடுக்குவரை தேய்த்துக் கழுவினாள். அப்பா சின்னப் பிள்ளைபோல் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். இந்த முறை அவருடைய இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன. மறுபடி ஊசி. மறுபடி ஒரு சொட்டு. மறுபடி காத்திருப்பு.

முதலில் வட்டத்தின் ஓரத்தில் ஒரு சாயல்தான் தெரிந்தது. அது நிழல் என்று நினைத்தாள். நிழல் என்றே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். நிழல் நடுவரைக்கும் பரவியது. வட்டம் முழுக்க நீலமாகிவிட்டது.

அப்பா அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, பேருந்துச் சாவியை மேசைமேல் வைத்தார்.

டாக்டரம்மா அப்பாவின் நெஞ்சில் குழலை வைத்து நீண்ட நேரம் கேட்டார். இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லி, அங்கே தொலைபேசியிலும் பேசிவிட்டார்.

"நான் கார் சொல்றேன்" என்றார்.

"நம்ம வண்டி அந்த வழியாத்தாங்க போகுது" என்றார் அப்பா. டாக்டரம்மா ஒரு நொடி யோசித்தார். பிறகு, "சரி, நானும் உங்ககூட ஏறிக்கிறேன்" என்று பையை எடுத்துக்கொண்டார்.

வேறொரு ஓட்டுநர் பேருந்தை எடுத்தார். அப்பா அதில் பயணியாக உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தார், முன்கம்பியைப் பிடித்தார், மறுபடி மடியில் வைத்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"அப்பா, என்மேல கோவமா?"

அப்பா சன்னலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "படியில நிக்கும்போதெல்லாம், நீ பாக்கலேன்னு நினைச்சேன்."

"நான் தெருவைப் பாக்குற மாதிரி நடிச்சேன்."

"நான் நாடா கட்டுற மாதிரி நடிச்சேன்." அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருடைய கைகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. "பயமா இருந்துச்சு கண்ணு. அதான்."

டிக்கெட் கிழித்தபடி வந்த கண்டக்டர் மாமா அவர்களிடம் வந்ததும் நின்றார். வழக்கமாகச் சிரிக்கவைக்கும் மனிதர், அன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாண்டிப் போனார்.

இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த பெரிய டாக்டர், அரை டிக்கெட் நிற்பதைப் பார்த்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். துணிக்கடையிலிருந்து ஓடிவந்த அம்மாவின் தோளில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் கேட்ட அம்மா, மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நாடா இருவரையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது.

அடைப்பை எடுத்தார்கள். அப்பா பல மாதங்கள் வீட்டில் இருந்தார். முதலில் அறைக்குள் நடந்தார், பிறகு தெருமுனைவரை, பிறகு ஒவ்வொரு மாடியாக. டாக்டர்கள் மறுபடி மறுபடி பார்த்தார்கள். வண்டி ஓட்டலாம் என்று அவர்கள் சொன்ன நாளில், அப்பா யாரிடமும் சொல்லாமல் நான்கு மாடியும் பாடிக்கொண்டே ஏறி வந்தார். கதவைத் திறக்கும் முன்பே அரை டிக்கெட்டுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அப்பா வேலைக்குத் திரும்பிய காலையில் அவளும் டிப்போவுக்குப் போனாள். ஆய்வுக்கூட அக்காவும் வந்திருந்தாள். புதுத் தாள் ஒன்றைக் காட்டினாள். பழைய வட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது பாதி அளவில் இன்னொரு வட்டம் இருந்தது.

"இந்தக் குட்டி வட்டம் எப்பவும் நீலமாகணும். ஆகலேன்னா, ஏதோ ஒண்ணு நீலத்தைத் தின்னுடுச்சுன்னு அர்த்தம். அப்ப அந்தத் தாளை நம்பவே கூடாது. இதை முதல்லயே வச்சிருக்கணும், நாங்க விட்டுட்டோம்" என்றாள் அக்கா. "லேப்ல இதுக்கு என்ன பேரு தெரியுமா? அரை டிக்கெட்."

கண்டக்டர் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அரை டிக்கெட்டுக்குக் கன்னம் சிவந்துவிட்டது. முதல்முறையாக அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரங்களைத் தட்டிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துப் பார்த்தார். அவள் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். விசில் கேட்டது. அப்பா உடனே கிளம்பவில்லை. தலைக்குமேல் இருந்த பெரிய கண்ணாடியில் மகளைத் தேடினார். அவள் தெரிந்ததும், அவளுக்கு மட்டும் தெரியும்படி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

சோப்பு வாசனை முன்வரிசைவரை வந்தது. அரை டிக்கெட் தலையசைத்தாள். வண்டி கிளம்பியது.